பென்சீன் வியாபாரமும் பாமர மக்களும்

கப்பல் வியாபாரத்தில் 2902 என்று ஒரு எண் உண்டு. சுங்க இலாகாக்காரர்கள் சரக்குகளுக்கு வைத்திருக்கும் எண்களில் அதுவும் ஒன்று. பென்சீன், டொலுவீன், சைலீன், ஸ்டைரீன், சைக்ளோஹெக்ஸேன் முதலிய, கரியணுக்கள் வளையமாய்க் கைகோத்து நிற்கும் எண்ணெய்ச் சரக்குகள் எல்லாம் இந்த ஒரு தலைப்பின் கீழ்தான் உலகம் பூராவும் கணக்கெழுதப்படுகின்றன. எண்ணூரில் இறங்கினாலும் சரி, ராட்டர்டாமில் இறங்கினாலும் சரி, ஷாங்காயில் இறங்கினாலும் சரி, எண் ஒன்றே. தேசத்திற்குத் தேசம் பாஷை வேறு, மதம் வேறு, சட்டம் வேறு. ஆனாலும் சரக்குக்கு மாத்திரம் எங்கும் ஒரே பெயர். மனிதனுக்குத்தான் தெருவுக்கொரு ஜாதி.

"இதெல்லாம் ரசாயனம் படித்தவர்கள் சங்கதி, நமக்கென்ன?" என்று சில தோழர்கள் கேட்கலாம். நாம் திருப்பிக் கேட்கிறோம். உங்கள் வீட்டில் துணி துவைக்கும் தூளில் நுரை எங்கிருந்து வருகிறது? நேற்றுவரை திருவள்ளூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த மணலியில், 1984-இல் ஏற்பட்ட தமிழ்நாடு பெட்ரோ புராடக்ட்ஸ் என்னும் கம்பெனி, பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலையின் மண்ணெண்ணெயிலிருந்து பாரபினைப் பிரித்து, அதைப் பென்சீனோடு சேர்த்து ஒரு எண்ணெய் செய்கிறது. சோப்புத் தூளுக்கு அதுதான் மூலச்சரக்கு. நீங்கள் போட்டிருக்கும் பாலியெஸ்டர் சட்டை சைலீனிலிருந்து வந்தது. கதவுக்கு வர்ணம் பூசுகிறவன் கலக்கும் தின்னரில் டொலுவீன் இருக்கிறது. பிள்ளையார் சதுர்த்திக்குத் தெர்மோகோலில் மண்டபம் கட்டுகிறார்களே, அந்தத் தெர்மோகோல் ஸ்டைரீனிலிருந்து வந்தது. ஆகவே சரக்கு நம் வீட்டுக்குள் வந்து வெகு நாளாயிற்று. சரக்கைப் பற்றிய அறிவுதான் வாசலிலேயே நிறுத்தப்பட்டிருக்கிறது.

வியாபாரத்தின் லட்சணத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்திய ஆலைகள் தங்கள் தேவைக்குமேல் பென்சீன் எடுத்து வெளிநாட்டுக்கு ஏற்றுகின்றன. பென்சீனோடு எதிலீனைச் சேர்த்துச் செய்வதுதான் ஸ்டைரீன். ஆனால் அந்த ஸ்டைரீனுக்கோ சிங்கப்பூர், சவுதி அரேபியா, குவைத் முதலிய தேசங்களையே நாம் இதுவரை நம்பி வந்திருக்கிறோம். அதே பென்சீனோ வேறு பென்சீனோ, பஞ்சை ஏற்றி அனுப்பிவிட்டுத் துணியை விலைக்கு வாங்கின பழைய கதையை இது ஞாபகப்படுத்தவில்லையா? "பாரத மாதா" என்று மேடையேறிப் பாடுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு நாளாவது பார்த்ததுண்டா?

இந்த வளையத்தைக் கண்டுபிடித்த வரலாறும் வேடிக்கையானதே. 1825-இல் பாரடே என்னும் ஆங்கிலேயர் பென்சீனைப் பிரித்தெடுத்தார். அதன் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது நாற்பது வருஷம் ஒருவருக்கும் விளங்கவில்லை. 1865-இல் கெகுலே என்னும் ஜெர்மானியர் அது வளையம் என்று எழுதினார். தூக்கக் கலக்கத்தில் ஒரு பாம்பு தன் வாலைத் தானே கவ்விச் சுழல்வதாகக் கண்டதே அதற்குக் காரணம் என்று 1890-இல் அவரே சொன்னார். நம் ஊரில் ஒருவன் பாம்பைக் கனவில் கண்டால் மறுநாள் என்ன நடக்கும்? புற்றுக்குப் பால் வார்ப்பான். புரோகிதன் தோஷ பரிகாரத்துக்குப் பட்டியல் கொடுப்பான். காளஹஸ்திக்கு ரயில் ஏறுவான். கெகுலேயோ காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். விழித்திருக்கும் புத்தி பரீட்சித்துப் பார்க்கும் முன்னே கனவை வெளியிடக் கூடாது என்று மற்றவர்களுக்கு எச்சரிக்கையும் செய்தார். கனவு எல்லோருக்கும்தான் வருகிறது. காலையில் எழுந்து செய்கிற காரியத்தில்தான் வித்தியாசம்.

நிற்க, இப்போது உயிர்ச் சங்கதிக்கு வருவோம்.

பென்சீன் இனிப்பான வாசனையுடையது. அதை நெடுநாள் சுவாசித்தால் எலும்புக்குள் இருக்கும், ரத்தம் உற்பத்தியாகும் மஜ்ஜை கெடும். சோகை வரும், சிலருக்கு ரத்தப் புற்றுநோய் வரும். இது யூகமல்ல. துருக்கி தேசத்து வைத்தியர் முஸாபர் அக்சாய் என்பவர், இஸ்தான்புல்லில் பாதரட்சை செய்யும் தொழிலாளிகள் பென்சீன் கலந்த பசையைப் பூசி வந்ததையும், அவர்களிடையே ரத்தப் புற்றுநோய் மிகுந்ததையும் 1974-இல் எழுதிக் காட்டினார். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் பென்சீனை முதல் வகுப்பில், அதாவது மனிதனுக்குப் புற்று உண்டாக்குவது நிச்சயம் என்ற வகுப்பில் வைத்திருக்கிறது. இந்திய சர்க்காரே 2009-இல், காற்றில் கன மீட்டருக்கு வருஷ சராசரி 5 மைக்ரோகிராமுக்கு மேல் பென்சீன் இருக்கலாகாது என்று விதித்தது.

அங்கே தோல் வேலை செய்கிறவன் நோயாளியானபோது ஒரு வைத்தியர் பசையைச் சோதித்தார். இங்கே தோல் வேலை செய்கிறவன் வெளுத்து இளைத்தால் "காத்துக் கருப்பு" என்பார்கள், வேப்பிலை அடிப்பார்கள், தாயத்து விற்பார்கள். ரத்தத்தைச் சோதிக்க ஆகும் கூலி தாயத்தின் விலையை விடக் குறைவாகக்கூட இருக்கும்.

2020 மே 7-ந் தேதி விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையின் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் ஆவி கிளம்பி, தூங்கிக்கொண்டிருந்த கிராமத்து ஜனங்களில் 12 பேரைக் கொன்றது. தெய்வ கோபமா? தொட்டிக்குள் சூடு ஏறிற்று, அதை அடக்கும் தடுப்பு மருந்தும் குளிர்ச்சியும் போதவில்லை, அவ்வளவுதான். எண்ணூர்க் கழிமுகத்தின் கதை என்ன? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. சர்க்கார் சம்பந்தப்பட்ட சுத்திகரிப்பு ஆலையின் வளாகத்திலிருந்தே அது வந்ததென்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்லிற்று. அந்த எண்ணெயை அள்ளினவர்கள் யார்? வலை வீசும் மீனவர்கள். எதனால் அள்ளினார்கள்? குவளையாலும் வெறுங்கையாலும். 2017-இல் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் வாளியால்தான் அள்ளினார்கள். ஆறு வருஷத்தில் வாளி குவளையாயிற்று. இதற்குப் பெயர் முன்னேற்றமாம்!

இதில் நமக்கு மிகவும் உறுத்துகிற சங்கதி ஒன்று. பீப்பாய்க்குள் இருப்பது இன்னதென்று கப்பல் தலைவனுக்குத் தெரியும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரியும், சுங்க அதிகாரிக்குத் தெரியும். மூடியைத் திறக்கும் கூலியாளுக்குத் தெரியாது. பீப்பாயின் மேல் எழுதியிருப்பது இங்கிலீஷ். வேதம் காதில் விழக்கூடாது என்று சொல்லி வைத்தவர்கள் சமஸ்கிருதத்தில் எழுதி வைத்தார்கள். கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்கு வரும் ஒரிசா, பீகார்த் தோழனுக்கும் சரி, பொன்னேரி சேரிப் பையனுக்கும் சரி, இந்த இங்கிலீஷ் சீட்டு அந்த வேதத்தைப் போன்றதுதான். அங்கே கேட்டால் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுவோம் என்றார்கள். இங்கே கேட்டால் நாளை வேலைக்கு வராதே என்கிறார்கள். ஆலை வாசலில் எலுமிச்சம்பழமும் பூசணிக்காயும் தவறாமல் தொங்குகின்றன. தமிழில் ஒரு எச்சரிக்கைப் பலகை தொங்குவதற்குத்தான் இடமில்லை.

ஆனால் சட்டம் ஊமையல்ல. போபாலில் 1984-இல் ஆயிரக்கணக்கானவர்கள் செத்த பிறகு, 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, ஆபத்தான சரக்கைப் பற்றித் தொழிலாளிக்கும் சுற்றுவட்டாரத்து ஜனங்களுக்கும் தெரிவிக்க வேண்டுமென்று எழுதினார்கள். 2020-இல் செய்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும், தன் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் பற்றிய தகவலை முதலாளியிடம் கேட்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. கேட்பது பிச்சையல்ல. மணலி, எண்ணூர், கும்மிடிப்பூண்டிப் பக்கத்துச் சங்கங்கள் இரண்டே காரியம் கேட்டால் போதும். பீப்பாயின் மேல் தமிழிலும், வடநாட்டுத் தொழிலாளி இருந்தால் அவன் பாஷையிலும் எழுத வேண்டும். பென்சீன் பக்கம் வேலை செய்கிறவனுக்கு, ஒப்பந்தக் கூலியானாலும், காலந்தவறாமல் ரத்தம் சோதித்து முடிவை அவன் கையிலேயே கொடுக்க வேண்டும்.

அதுவரை ஒரு வேலை நாமே செய்யலாம். மணலி ரோட்டில் போகும் டாங்கர் லாரிகளின் மேல் ஒரு பலகையும் அதில் நாலு இலக்க எண்ணும் இருக்கும். அதுவும் உலகப் பொது எண்தான். பல்லி விழும் பலனை மனப்பாடம் செய்திருக்கிற மூளைக்கு நாலு எண் பாரமாகாது. ஊர்ச்சாவடிச் சுவரில் சுண்ணாம்படித்துப் பெரிதாக எழுதி வையுங்கள்: 1114 பென்சீன், 1294 டொலுவீன், 1307 சைலீன், 2055 ஸ்டைரீன்.