பசளை வர்த்தமானியும் பரீட்சார்த்திகளும்

இலங்கை நிருவாக சேவைப் போட்டிப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் இளைஞர் கையிலே தடித்த வினா விடைத் தொகுதிகளை இப்பொழுது காண்கிறோம். சர்வதேச நாணய நிதியம் எமக்குக் கடன் அங்கீகரித்த நாள் எது, தொகை எவ்வளவு, பெறுமதி சேர் வரி எத்தனை வீதம் என்று ஒரு வரி வினாவும் ஒரு வரி விடையுமாக அவை செல்லும். 2023 மார்ச் 20, ஏறத்தாழ 300 கோடி டொலர், 2024 சனவரி முதல் நூற்றுக்கு 18 என்று மாணவர் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவிப்பர். பிழை ஒன்றும் இராது. நிகண்டை முழுதும் மனனஞ் செய்தவனுக்குச் சொற்கள் வந்து நிற்கும். பொருள் பொருந்த ஒரு வாக்கியம் அமைக்கச் சொன்னால் தடுமாறுவான். இவர்கள் நடப்பறிவும் அத்தகையதே.

கட்டுரைத் தமிழைத் திருத்திக்கொள்ள என்னிடம் வரும் பழைய மாணாக்கர் சிலருடன் இத்தொகுதிகளைப் புரட்ட நேர்ந்தமையால் இதனை எழுதத் துணிந்தேன். இலக்கணம் கற்பிப்பவனுக்குப் பொருளாதாரத்தில் என்ன வேலை என்று கேட்பார் கேட்கட்டும். 2022 இல் எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசையில் நின்றவருள் பண்டிதர்களும் இருந்தார்கள்.

நூறு விடயங்களை மேலெழுந்தவாரியாகத் தொடுவதினும் ஒன்றை வேர்வரை சென்று பார்ப்பது நலம் என்பது என் கருத்து. அதற்கு 2021 மே 6 ஆந் திகதிய விசேட வர்த்தமானியை எடுத்துக்கொள்வோம். இரசாயனப் பசளையும் பீடைநாசினியும் நாட்டுக்குள் வருவதை அது தடுத்தது. சேதன விவசாயத்துக்கு மாறுவதற்குப் பத்தாண்டு என்பது 2019 ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்ற வேட்பாளரின் விஞ்ஞாபனத்து வாக்கு. அந்தப் பத்தாண்டு ஒரு வர்த்தமானிக்குள் அடங்கிற்று.

சொல்லப்பட்ட காரணங்கள் மண்வளமும் மக்கள் சுகமும். அவை பொய்யான காரணங்கள் என்று நான் சொல்லமாட்டேன். சிறுநீரக நோயினால் வருந்தும் வடமத்திய மாகாணத்துக் கிராமங்களை எண்ணுவார் எவரும் அவற்றை எளிதிலே தள்ளிவிட முடியாது. ஆனால் சொல்லப்படாத காரணமும் ஒன்று உண்டென்று பலர் கருதினர். திறைசேரியில் டொலர் இல்லை. அஃது ஏன் இல்லையாயிற்று என்று கேட்டால் வினா இன்னும் பின்னே செல்லும். 2019 திசெம்பரில் பெறுமதி சேர் வரி 15 இலிருந்து 8 வீதத்துக்கு இறங்கியது. ஆண்டுக்கு 120 இலட்சம் ரூபா புரள்வுள்ள வணிகர் வரிக்குப் பதிவு செய்யவேண்டும் என்றிருந்த எல்லை 30 கோடிக்கு ஏறியது. தேசிய உற்பத்தியில் நூற்றுக்குப் பன்னிரண்டளவில் இருந்த அரசிறை 2021 இல் ஒன்பதுக்குங் கீழே போயிற்று. இடையிலே கொரோனா வந்து உல்லாசப் பயணத்துறையையும் படுக்கவைத்தது. வரி குறைந்த நாட்டுக்கு வெளியார் கடன் கொடுக்கத் தயங்குவர். கடன் கிடையாத நாட்டில் டொலர் அருகும். அருகிய டொலரை மிச்சம் பிடிக்கப் பசளைக் கப்பலை நிறுத்துவர். வரி என்பது பொருளாதாரப் பகுதி, பசளை என்பது விவசாயப் பகுதி என்று தொகுதி நூல்கள் வெவ்வேறு அத்தியாயங்களில் வைத்துவிடுகின்றன. வைக்கட்டும், வயலில் அவை ஒன்றாகவே வந்து இறங்கின.

இரணைமடுவின் கீழும் உன்னிச்சையின் கீழும் நெல் விதைக்கும் கமக்காரன் அந்த ஆண்டுப் பெரும்போகத்துக்குக் கமநல சேவை நிலையத்தின் வாசலில் என்ன கண்டிருப்பான்? ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்போம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். ஐம்பது கிலோ மூடை ஒன்றில் 23 கிலோ என்க. கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு. ஒன்றரை என்று வைத்தால், ஒரு மூடை யூரியாவுக்கு ஈடாக ஏறத்தாழ ஒன்றரைத் தொன் கூட்டெரு வேண்டும். அந்தத் தொன்னும் தன் சத்தை ஒரே போகத்தில் விட்டுவிடாது. மெல்ல மெல்லத்தான் விடும். நெல் கதிர்கட்டும் வரை காத்திருக்குமா? தமிழ் கற்பிக்கும் நான் தாளின் ஓரத்திலே பென்சிலாற் போட்ட கணக்கு இது. கொழும்பிலே அமைச்சின் மேசைகளில் இதைப் போடவல்லார் நூற்றுக்கணக்கில் இருந்தனர். பல்கலைக்கழக விவசாய அறிஞர் பலர் போட்டுக் காட்டியும் இருந்தனர்.

விளைந்தது யாவரும் அறிந்தது. 2021 நொவம்பரில் தடை நீங்கியது. பருவம் அதற்குள் தவறிவிட்டது. 2021/22 பெரும்போக நெல், முந்தின பெரும்போகத்திலும் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்தது. தேயிலையும் குறைந்தது. நட்டஈடாக நெற்செய்கையாளருக்கு நாலாயிரங் கோடி ரூபா கொடுக்கப்படும் என்று 2022 சனவரியில் அறிவித்தனர். பசளைக்கென மிச்சம் பிடித்த டொலர், அரிசி இறக்குமதிக்கென வெளியே போயிற்று.

இந்தக் கதையின் நடுவே இரண்டு நிகழ்ச்சிகள் உண்டு. பரீட்சார்த்திகள் அவற்றைத் தனித்தாளில் எழுதி மேசைக்கு முன் ஒட்டிவைப்பார்களாக. ஒன்று, சீனத்திலிருந்து சேதனப் பசளை வந்த கதை. அனுப்பப்பட்ட மாதிரிகளிலே பயிருக்குத் தீங்கு செய்யும் பற்றீரியா உண்டென்று எங்கள் தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவையினர் கண்டனர். கண்டதைக் கண்டபடி எழுதினர். ஏறத்தாழ இருபதினாயிரம் தொன்னுடன் வந்த கப்பல் கரையடையாமலே திரும்பிற்று. வல்லரசின் மனத்தாங்கலும் வந்தது. 67 இலட்சம் டொலரை அந்த நிறுவனத்துக்குக் கொடுக்கவும் நேர்ந்தது. எனினும் அந்த ஆய்வுகூடத்துக் குறிப்பு மாறவில்லை. மற்றையது, 2021 திசெம்பரில் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு வரக்கூடும் என்று விவசாய அமைச்சின் செயலாளர் பத்திரிகையாளரிடம் சொன்னமையும், அதன்பின் அவர் பதவியினின்று நீக்கப்பட்டமையும். மூன்று நான்கு மாதங்களில் அவர் சொன்னது நடந்தது. 2022 ஏப்பிரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென நாடு அறிவித்தது. அவ்வாண்டு செத்தெம்பரில் கொழும்புப் பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை அண்மியது. உணவுப் பண்டங்களில் அது தொண்ணூறையுந் தாண்டிற்று.

திருக்குறளில் அமைச்சைப் பற்றிய அதிகாரங்கள் பத்து. மன்னரைச் சேர்ந்தொழுகுவதற்கு ஓரதிகாரமும், அவர்தங் குறிப்பை அறிவதற்கு ஓரதிகாரமும் அவற்றுள் உள்ளன. நம் உத்தியோகத்தர் பலர் இவ்விரண்டிலும் வித்துவான்கள். பத்தாவதாக நிற்பது அவையஞ்சாமை. அதுவரை வருமுன் புத்தகத்தை மூடிவிடுவர் போலும்.

மேலிடத்து ஆணையை நிறைவேற்றுவதே உத்தியோகத்தன் கடன், அதன் நன்மை தீமை அரசியலார் பொறுப்பு என்று மாணாக்கர் ஒருவர் என்னிடம் வாதித்தார். அவர் வாதம் முற்றும் தவறன்று. தேர்ந்தெடுக்கப்பட்டவர் தீர்மானத்தைத் தேர்ந்தெடுக்கப்படாதவர் கவிழ்ப்பது குடியாட்சிக்கு ஏற்றதாகாது. ஆயினும் தீர்மானத்துக்கு முன்பு கோப்பிலே தன் அறிவுக்கு எட்டியதை எழுதிவைப்பது கவிழ்ப்பதாகாதே. பொருளாதாரம் வீழ்ந்தமை குறித்த வழக்கில் 2023 நொவம்பர் 14 இல் உயர் நீதிமன்றம் நால்வர் பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. பொதுமக்கள் வைத்த நம்பிக்கையை மீறினர் என்றும், அதனால் அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரை மீறப்பட்டதென்றும் அது கண்டவருள் முன்னாள் சனாதிபதிகளும் நிதியமைச்சரும் மட்டும் இருக்கவில்லை. மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருந்தனர். திறைசேரியின் முன்னாள் செயலாளரும் சனாதிபதியின் முன்னாள் செயலாளரும் இருந்தனர். தண்டம் சிறிதே, வழக்குச் செலவளவினது. ஆனால் "ஆணைப்படி செய்தேன்" என்னும் பழைய குடையின் கீழ் இனி மழைக்கு ஒதுங்க முடியுமா என்பதை அம்மாணாக்கர் யோசிக்கவேண்டும். 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்பின் கோப்பும் முன்போல மூடிய பெட்டியன்று.

தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமற் போனால் என் தொழிலுக்கு அழகாகாது. சுற்றறிக்கையின் தமிழ்ப் பிரதியைப் படித்து விளங்காமல் ஆங்கிலப் பிரதியைத் தேடும் தமிழ் உத்தியோகத்தரை நான் அறிவேன். உத்தியோகத்தருக்கே விளங்காத தமிழ் கமக்காரனுக்கு எவ்வாறு விளங்கும்? அவன் நிலைமையை மேலே சொல்லவேண்டிய கடிதம் எந்தத் தமிழில் எழுதப்படும்?

ஆதலின் என்னிடம் வருவோருக்கு இப்பொழுது ஒரு பயிற்சி கொடுத்து வருகிறேன். நீர் வவுனியா மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலாளர். திகதி 2021 மே 10. வர்த்தமானி மேசையில் இருக்கிறது. வாசலில் கமக்காரர் அமைப்பின் தலைவர் நிற்கிறார். உமது பிரிவில் எத்தனை ஏக்கர் நெல், எத்தனை மூடை யூரியா, எத்தனை தொன் கூட்டெரு, அதனை ஏற்ற எத்தனை உழவு இயந்திரப் பெட்டி, பெரும்போகத்துக்கு இன்னும் எத்தனை மாதம் என்று மாவட்டச் செயலாளருக்கு ஓர் அறிக்கை எழுதுக. ஒரு தாளுக்கு மேற்படலாகாது. எல்லாம் தமிழில், முற்றுப்பெற்ற வாக்கியங்களில் இருக்கவேண்டும். ஈற்றிலே பெயரும் கையொப்பமும் இடுக. இதுவரை பதினொருவர் எழுதித் தந்தார்கள், கணக்கு எல்லாருக்கும் சரி, கையொப்பமிட்டவர் எழுவர்.