பழைய ரிவால்வரா, இரட்டைக்குழல் துப்பாக்கியா?

ஜபல்பூர்த் தமிழர்களுக்குத் துப்பாக்கி புதிய சமாச்சாரம் அல்ல. 1904ல் தொடங்கிய கன் காரேஜ் பேக்டரியும், கமரியா வெடிமருந்துத் தொழிற்சாலையும் நம்மில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டவை. ஆனால் தொழிற்சாலையில் ஆயுதம் செய்வது வேறு. வீட்டு பீரோவில் ஆயுதம் வைப்பது வேறு. ஓய்வு பெற்று ஊருக்கு வெளியே மனை வாங்கி வீடு கட்டிய அன்பர்கள் சிலர் இப்போது இந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். பிள்ளைகள் புனேயிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். வீட்டில் வயதான இருவர் மட்டும். இரண்டு தெரு தள்ளி ஒரு திருட்டு நடந்துவிடுகிறது. உடனே, "லைசென்ஸுக்கு எழுதிப் போடலாமா சார்? கையில் ஒன்றரை லட்சம்தான் இருக்கிறது. பன்னிரண்டு போர் வாங்கலாமா, அல்லது தெரிந்தவர் ஒருவரிடம் பழைய வெப்ளி ரிவால்வர் விலைக்கு வருகிறது, அதை முடித்துவிடலாமா?" என்கிறார்கள்.

நான் ஆயுத நிபுணன் அல்ல. டிப்ளமா படித்துவிட்டு முப்பத்தைந்து வருஷம் தண்டவாளத்தோடு மாரடித்தவன். நண்பர்கள் வைத்திருக்கும் இரண்டு வகையையும் அவர்கள் முன்னிலையில் பிரித்துப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கித்தான் தீரவேண்டும் என்றால், குறைந்த பணத்தில் வாங்கத் தக்கது இரட்டைக்குழல் துப்பாக்கிதான். பழைய ரிவால்வர் ஏழைக்கு ஏற்ற சரக்கு அல்ல.

பழைய சாமான் என்றால் மலிவு என்று நாம் நினைக்கிறோம். இந்த ஒரு பொருளில் கணக்கு தலைகீழ். தனிநபருக்காக வெளிநாட்டுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வது 1980களில் நிறுத்தப்பட்டது. ஆகவே வெள்ளைக்காரன் காலத்து வெப்ளி ஸ்காட் ரிவால்வர் நாட்டில் இருக்கிற எண்ணிக்கைதான், இனிமேல் கூடாது. அதனால் நல்ல நிலையில் உள்ள ஒன்றுக்குப் புதிய உள்நாட்டு ரிவால்வரை விட அதிக விலை பேசுகிறார்கள். கான்பூர் தொழிற்சாலை 2014ல் 'நிர்பீக்' என்ற இலகுவான ரிவால்வரை வெளியிட்டபோது அதன் விலையே 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய்க்கு மேல். நிலைமை இப்படியிருக்க, ஒரு வெப்ளி சல்லிசாக வருகிறதென்றால் மகிழ்ச்சி அடையக் கூடாது. ஏன் சல்லிசாக வருகிறது என்று கேட்கவேண்டும்.

அந்தக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் உலோகத்தில் இருக்கும். மேலே பளபளப்பாக மெருகு போட்டிருப்பார்கள். தண்டவாளமும் மேலே கண்ணாடி மாதிரிதான் பளபளக்கும். உள்ளே விரிசல் இருக்கிறதா என்று அறிய அல்ட்ராசானிக் கருவியை உருட்டிக்கொண்டு மைல் கணக்கில் நடப்பது எதற்காக? கண்ணுக்குத் தெரிகிற தேய்மானத்தை விடத் தெரியாத தேய்மானம்தான் ஆளைக் கொல்லும் என்பதற்காக. வெப்ளி நடுவில் மடிந்து திறக்கும் வகை. எழுபது எண்பது வருஷம் திறந்து மூடியதில் அதன் கீலும் மேல் கொக்கியும் தேய்ந்திருக்கும். தோட்டா உட்காரும் உருளை ஒவ்வொரு தடவையும் குழலுக்கு நேராக வந்து நிற்கவேண்டும். தடுப்புப் பல் தேய்ந்திருந்தால் மயிரிழை விலகி நிற்கும். அப்போது குண்டு குழலின் வாயில் உரசி, ஈயச் சிதறல் பக்கவாட்டில் தெறிக்கும். ஸ்பிரிங் உடைந்தால் அசல் பாகம் கிடைக்காது. கடைவீதி மிஸ்திரி அரத்தால் ராவி ஒன்றைச் செய்து மாட்டுவார். அந்த இரும்பு என்ன இரும்பு என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். .455, .380 தோட்டா போடும் பழைய ராணுவ ரிவால்வர்கள் தடை செய்யப்பட்ட போர் வகையில் சேர்ந்தவை. சாதாரண லைசென்ஸில் அவற்றை வைத்திருக்க முடியாது. விற்பவர் "வெப்ளி" என்று மட்டும் சொல்வார். எந்த போர் என்று நாம்தான் பார்க்கவேண்டும்.

இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பாருங்கள். வேலைப்பாடு எளிது, உடைவதற்குப் பாகங்கள் குறைவு. உள்நாட்டுத் தயாரிப்பு புதிதாகவே கிடைக்கிறது, தோட்டாவும் கிடைக்கிறது. நடுவில் மடித்துத் திறந்தால் இரண்டு துளைகளும் காலியா இல்லையா என்பது அறையின் மறுகோடியில் நிற்பவருக்கும் தெரியும். ரயில்வேயில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாலபாடம் ஒன்று உண்டு. எந்தக் கருவியும் பழுதானால் ஆபத்தில்லாத பக்கமாகப் பழுதாக வேண்டும். கம்பி அறுந்தால் கைகாட்டி தானாகச் சிவப்புக்குப் போகவேண்டும். திறந்து வைத்த இரட்டைக்குழல் அந்தப் பாடத்துக்குக் கட்டுப்படுகிறது. பழைய ரிவால்வர்கள் பலவற்றில் சுத்தியல் நேராகத் தோட்டாவின் மேலேயே படுத்திருக்கும். கை தவறிக் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும்.

சட்டமும் இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவைப் படித்தால் இது விளங்கும். குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத சாதாரணத் துப்பாக்கியைப் பாதுகாப்புக்காகக் கேட்பவரை ஒரு விதமாகவும், ரிவால்வர் முதலியவற்றைக் கேட்பவரை வேறு விதமாகவும் அது நடத்துகிறது. ரிவால்வர் கேட்பவருக்குத் தகுந்த காரணம் இருக்கிறது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்படவேண்டும். சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போகக்கூடிய பொருளுக்கு இந்தக் கண்டிப்பு நியாயம்தான்.

துப்பாக்கியிலும் குறை இல்லாமல் இல்லை. தோளில் உதைக்கும். குறுகிய நடையில் திருப்புவது கஷ்டம். சினிமாவில் காட்டுவது போல் ஒரே வெடியில் அறை முழுக்க ரவை பரவாது. வீட்டுக்குள் இருக்கும் தூரத்தில் உள்ளங்கை அகலம்தான் பரவும். ஆகவே குறி பார்க்கத் தெரிந்திருக்கவேண்டும். ஆனாலும் இரண்டு கையும் தோளும் தாங்குகிற நீண்ட குழல் குறி தவறுவதை விட, நடுங்கும் ஒற்றைக் கையில் குட்டைக் குழல் தவறுவது அதிகம். தவறிய குண்டு பக்கத்து வீட்டுக்காரருடைய ஜன்னலைக் கேட்டுக்கொண்டு போகாது.

யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுத கதையாக, விலையோடு செலவு முடிந்தது என்று நினைக்கக் கூடாது. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி பாதுகாப்புப் பயிற்சி பெறவேண்டும், மருத்துவச் சான்று வேண்டும். சுவரில் பதித்த இரும்புப் பெட்டி ஒன்று, தோட்டாவுக்குத் தனிப் பூட்டு ஒன்று. பழகுவதற்குத் தோட்டா. தேர்தல் வந்தால் பெரும்பாலும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கவேண்டும். அந்த மாதங்களில் எதை நம்பி இருப்பது? வீடு மாறினால் எழுதித் தெரிவிக்கவேண்டும். நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் இதை முக்கியமாக யோசிக்கவேண்டும். கடைசிக் காலத்தில் தஞ்சாவூருக்கோ திருநெல்வேலிக்கோ திரும்புகிறவர் இந்த லைசென்ஸையும் முதுகில் சுமந்துகொண்டு போகவேண்டும். நமக்குப் பிறகு பிள்ளை அமெரிக்காவில் இருந்தால், ஆயுதத்தை யார் ஒப்படைப்பது என்று தவிக்கப்போவது அந்த வீட்டு அம்மாள்தான்.

அம்மாளைப் பற்றிச் சொன்னேன். லைசென்ஸ் கேட்கும் அன்பர்கள் யாரும் தங்கள் சம்சாரத்தைக் கேட்டதாகத் தெரியவில்லை. பகலில் வீட்டில் தனியாக இருப்பவர் அவர். லைசென்ஸ் ஐயா பெயரில். ஐயா இல்லாத நேரத்தில் அந்த ஆயுதத்தால் அவருக்கு என்ன பாதுகாப்பு? கோடை விடுமுறைக்குப் பேரக்குழந்தைகள் வந்தால் நாளெல்லாம் சாவிக்குக் காவல் இருக்கப்போவதும் அவரே. ரிவால்வர் வாங்குகிறவர்கள் அதைப் பெட்டியில் வைப்பதில்லை, தலையணைக்கு அடியில்தான் வைக்கிறார்கள். சிறிதாக இருப்பதுதான் அதன் கவர்ச்சி, அதுதான் அதன் ஆபத்தும். திருடன் வருவது வாழ்நாளில் ஒரு தடவை. பேரன் வருவது வருஷத்துக்கு இரண்டு தடவை. கோபமும் மனச்சோர்வும் வருவதற்குக் கணக்கே இல்லை.

தற்காப்புக்கு உரிமை உண்டு என்பது உண்மை. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சம்ஹிதையில் இருக்கிறது. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யும் உரிமை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஓடுகிற திருடனின் முதுகில் சுட்டவர் மிச்ச காலத்தைக் கோர்ட் படியில் கழிக்க நேரும்.

ஆகவே அந்த ஒன்றரை லட்சத்தைச் செலவிடும் வரிசையை நான் இப்படிப் போடுவேன். முதலில் இரும்புக் கிராதிக் கதவும் நல்ல பூட்டும். அடுத்து வீட்டைச் சுற்றி விளக்கு. பிறகு தெருவாசிகள் சேர்ந்து ஒரு கூர்க்கா. பக்கத்து வீட்டாருடன் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தால் அதைச் சரிசெய்துகொள்வது. அதற்குச் செலவே இல்லை. இத்தனைக்குப் பிறகும் பயம் தீரவில்லை, வீட்டு அம்மாளும் சம்மதிக்கிறார் என்றால், புதிய இரட்டைக்குழல் ஒன்றை வாங்கிப் பழகிக்கொண்டு பூட்டி வையுங்கள். பழைய வெப்ளி நேர்த்தியான வேலைப்பாடு, மறுக்கவில்லை. அதன் அழகைச் சேகரிப்பாளர் வீட்டில் பார்த்து ரசிப்போம். அவசர நேரத்தில் நம்பியிருக்க அது வேண்டாம்.