தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீரா?

விராலிமலை என்றதும் முருகன் நினைவுக்கு வருவார். மயில் நினைவுக்கு வரும். கண்மாய் யாருக்கும் நினைவுக்கு வருவது இல்லை.

ஆனால் அந்த வட்டாரத்தை வாழ வைத்தவை கண்மாயும் குளமும் ஊருணியும்தான். புதுக்கோட்டை மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. அதனால் முன்னோர்கள் மழைத் தண்ணீரைத் தேக்கி வைத்தார்கள். மாவட்டத்தில் 5 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள் உண்டு.

இந்த நீர்நிலைகளில் வீட்டுச் சாக்கடையையும் குப்பையையும் சேர விடக் கூடாது. "தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். அந்தத் தெளிவை நம்பக் கூடாது!

ஏன்?

மண்ணும் டீயும்

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு டம்ளரில் மண் கலங்கிய தண்ணீர். இன்னொரு டம்ளரில் பால் சேர்க்காத டீ. இரண்டையும் துணியில் வடிகட்டுங்கள். மண் துணியில் தங்கிவிடும். டீயின் நிறம் தங்குமா? தங்காது. அது தண்ணீரில் கரைந்துவிட்டது.

கண்மாயிலும் இதுதான் நடக்கிறது. இலை, சருகு, கோரை, சாணம் எல்லாம் தண்ணீரில் ஊறி மக்குகின்றன. அவற்றின் சாறு தண்ணீரில் கரைகிறது. இதை விஞ்ஞானிகள் "கரைந்த கரிமப் பொருள்" என்கிறார்கள். நாம் "மக்குச் சாறு" என்று வைத்துக்கொள்வோம்.

தேற்றாங்கொட்டையை இழைத்து விட்டால் கலங்கிய மண் அடியில் படிந்துவிடும். ஆனால் கரைந்த சாறு அப்படிப் படிந்துவிடாது.

நன்மையும் உண்டு

மக்குச் சாறு விஷம் அல்ல. அது கண்மாயின் சாப்பாடு!

கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதைத் தின்கின்றன. அவற்றைச் சிறு பூச்சிகள் தின்கின்றன. பூச்சியை மீன் தின்கிறது. மீனைக் கொக்கு தின்கிறது. கடும் வெயிலின் ஒரு பகுதியையும் இந்தச் சாறு தடுத்துவிடுகிறது.

தென் அமெரிக்காவில் ரியோ நீக்ரோ என்று ஓர் ஆறு ஓடுகிறது. காட்டு இலைச் சாறு கலந்து, அந்த ஆறு கறுப்பாகவே இருக்கிறது. அதிலும் மீன்கள் வாழ்கின்றன.

அளவோடு இருந்தால் உணவு. அளவு மீறினால்?

மூச்சுத் திணறும் மீன்

நுண்ணுயிர்கள் சும்மா தின்பது இல்லை. தின்னும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயுவையும் எடுத்துக்கொள்கின்றன. சாக்கடை வந்து சேர்ந்தால் தீனி பெருகுகிறது. நுண்ணுயிரும் பெருகுகிறது. பிராணவாயு குறைகிறது.

பகலில் நீர்ச் செடிகள் பிராணவாயுவைக் கொடுக்கும். இரவில் கொடுப்பது இல்லை. அதனால்தான் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. சில நாட்களில் செத்து மிதக்கின்றன. உடனே, "யாரோ விஷம் வைத்துவிட்டான்" என்று பேச்சு கிளம்புகிறது. பல சமயம் விஷம் வைத்தது ஊர்ச் சாக்கடைதான்!

மீன் வாழ ஒரு லிட்டர் தண்ணீரில் 4 மில்லிகிராம் பிராணவாயுவாவது வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவு. குளிக்கும் தண்ணீரில் உள்ள அழுக்கு, 5 நாளில் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் பிராணவாயுவைத் தின்னக் கூடாது. சாக்கடையோ 200 மில்லிகிராம்கூடத் தின்னும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குடம் சாக்கடையைச் சரிக்கட்டச் சுமார் 65 குடம் சுத்தமான தண்ணீர் வேண்டும். கோடையில் அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது?

குளோரின் போட்டால் போதுமா?

"குடிப்பதற்கு முன்பு குளோரின் போட்டுக்கொள்ளலாமே!" என்பார்கள்.

போடத்தான் வேண்டும். காலரா போன்ற நோய்க் கிருமிகளைக் கொல்ல அது அவசியம். ஆனால் மக்குச் சாறு நிறைந்த தண்ணீரில் குளோரின் சேர்ந்தால், குளோரோபாரம் போன்ற வேண்டாத பொருள்கள் உண்டாகின்றன. ஹாலந்து நாட்டு விஞ்ஞானி யோஹன்னஸ் ரூக் இதை 1974-ல் வெளியிட்டார். அதற்காகக் குளோரினை நிறுத்துவது பெரிய ஆபத்து. முதலில் சாற்றைக் குறைப்பதே புத்திசாலித்தனம்.

யார் காவல்?

ஈரநிலங்களைக் காக்க 2017-ல் மத்திய அரசாங்கம் விதிகள் வகுத்தது. நல்ல காரியம். ஆனால் பாசனத்துக்காகவும் குடிதண்ணீருக்காகவும் மனிதர் வெட்டிய நீர்நிலைகளை அந்த விதிகள் சேர்த்துக்கொள்ளவில்லை. நம் கண்மாயும் ஊருணியும் அப்படி வெட்டப்பட்டவைதானே? கொக்குக்கும் மீனுக்கும் இந்த வேற்றுமை தெரியுமா? இந்தக் குறையை அரசாங்கம் நீக்க வேண்டும்.

அதுவரை ஊர்தான் காவல்.

பஞ்சாயத்து செய்ய வேண்டியவை மூன்று. வரத்துக் காலில் சாக்கடை சேராமல் தடுக்க வேண்டும். வெட்டிய கருவேல மரத்தையும் செடிகொடிகளையும் கண்மாய்க்குள் போட்டு அழுக விடக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறையாவது தண்ணீரைச் சோதித்து, முடிவை எல்லோரும் படிக்கும்படி எழுதி வைக்க வேண்டும்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் வேலை உண்டு. சமையல் கட்டுத் தண்ணீரை வாழைப் பாத்திக்கு விடுங்கள். இடம் இல்லாவிட்டால் உறிஞ்சு குழி வெட்டுங்கள். உரிய அனுமதி பெற்று, கோடையில் வண்டல் மண்ணை அள்ளி வயலில் போடுங்கள். கண்மாயில் மக்கிய சத்து, வயலில் நெல்லாக விளையும். நம் தாத்தாக்கள் செய்தது இதுதான்!

பல ஊர்களில் இன்று குழாயில் தண்ணீர் வருகிறது. அதனால் ஊருணியை மறந்துவிட்டோம். குழாய் ஒரு நாள் நின்றால், குடத்தோடு எங்கே போவோம்?

அன்று ஊருணி இருந்தால் மட்டும் போதாது. அதன் தண்ணீரும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும்.