மேற்கோட் கணக்கும் மருத்துவர் தகுதியும்

கல்விச்சாலைகளைத் தரம் பிரித்து வரிசைப்படுத்தும் வழக்கம் 2016ஆம் ஆண்டு முதல் இந்திய அரசாங்கத்தின் சார்பிலேயே நடைபெற்று வருகின்றது. அதற்குக் கொள்ளப்படும் அளவைகளுள், ஆசிரியர் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளின் தொகையும், அவற்றைப் பிறர் எத்துணை முறை மேற்கோளாக எடுத்தாண்டனர் என்னும் கணக்கும் அடங்கும். மருத்துவக் கல்லூரி ஆசிரியர் பதவியில் உயர்தற்கும் கட்டுரைகள் வேண்டும். இக்கணக்கை அறவே பழித்தல் எம் நோக்கமன்று. சிபாரிசு என்னும் பெருநோய்க்கு அஃது ஒருவாறு மருந்தாகும். ஆயினும், அதனையே துலாக்கோலாகக் கொண்டு அறுவை மருத்துவர் ஒருவரின் தகுதியைத் துணிதல் தகாது என்கின்றோம். அரிசிச் சோறுண்டு வாழும் நன்னிலத்தார்க்கு இதனை விளக்க ஏற்றதொரு வரலாறு உண்டு.

எவரெஸ்டு மலையேற்றங்களில் 1922இலும் 1924இலும் பங்குகொண்ட ஹோவர்டு சாமர்வெல் என்னும் ஆங்கிலேய மருத்துவர், அக்காலத்துத் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூரின் மிஷன் ஆஸ்பத்திரியில் இருபதாண்டுகட்கு மேல் தொண்டாற்றினார். பின்னர் வேலூர் மருத்துவக் கல்லூரியிலும் ஆசிரியராயிருந்தார். நெய்யூரில் அவர் கண்டது யாதெனின், இரைப்பையை அடுத்த சிறுகுடலின் தலைப்பிலே தோன்றும் புண்ணால் வருந்தி வந்தோர் அளவிறந்தோராயிருந்தனர் என்பதே. கத்தி பிடிப்பதோடு அவர் அமைந்திலர். நோயின் காரணத்தையும் ஆராய்ந்து, ஆர் என்பவருடன் சேர்ந்து 1936இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவச் சஞ்சிகையில் நீண்டதொரு கட்டுரை வெளியிட்டார். இரைப்பைக்குச் செல்லும் இரத்தக்குழாய்களைக் கட்டி அமிலத்தைக் குறைக்கும் முறையொன்றை 1945இல் எழுதினார். இரைப்பை அறுவை பற்றிய அவரது நூல் 1948இல் வெளிவந்தது.

இன்று அம்முறையைக் கையாள்வார் யாருமிலர். 1983இல் ஆஸ்திரேலியராகிய வாரன், மார்ஷல் என்னும் இருவர் இரைப்பையில் வாழும் கிருமியொன்றைப் பற்றி எழுதினர். பெரும்பாலான புண்களுக்கு அக்கிருமியே காரணம் என்பது பின்னர்த் துணியப்பட்டது. அமிலத்தை அடக்கும் மாத்திரைகளும் வந்தன. முன்னாளில் வயிற்றைக் கிழித்துத் தீர்த்த பிணியை இந்நாளில் இருவார மருந்து தீர்த்துவிடுகின்றது. அறுவையே அருகியபின், அவ்வறுவை பற்றிய கட்டுரையை எடுத்தாள்வார் யார்? கணக்குப் பார்ப்பின் சாமர்வெல்லின் பெயர் மிகக் கீழே நிற்கும். அவர் கையாற் பிழைத்தோரோ எந்தச் சஞ்சிகையிலும் எழுதுகிறவர்கள் அல்லர்.

எனினும் அவர் எழுப்பிய வினா மாண்டுபோகவில்லை. ரயில்வே மருத்துவராகிய மல்ஹோத்ரா 1964இல், அரிசியுண்ணும் தென்னாட்டாரிடத்து இப்புண் மிகுதி, கோதுமையுண்ணும் வடநாட்டாரிடத்துக் குறைவு என்று எழுதினார். மைசூரில் அறுவை மருத்துவராயிருந்த டோவி, ஜெயராஜ் முதலியோருடன் 1980இல், தவிடு நீங்காத தானியங்கள் முதலிய சில உணவுகளில் புண்ணைத் தடுக்கும் பொருள் இருக்கலாம் என எழுதினார். கிருமி வடக்கினும் தெற்கினும் ஏறக்குறைய ஒப்பவே காணப்படினும் நோய் ஒப்பவில்லை என்பதைப் பிற்காலத்தும் அவர் வலியுறுத்திவந்தார். இக்கேள்விகளெல்லாம் நோயாளியின் இலையில் என்ன இருந்தது என்று பார்த்த மருத்துவரிடமிருந்தே பிறந்தன.

மேற்கோள்களைத் தொகுத்து அட்டவணையாக்கலாம் என்று யூஜின் கார்பீல்டு 1955இல் கருத்துரைத்தார். 1964இல் அவ்வட்டவணை வெளிவந்தது. நூல்நிலையத்தில் கட்டுரை தேடுவார்க்கு உதவவே அது பிறந்தது. ஆளை அளக்கும் கோலாகப் பின்னரே அது மாறிற்று. பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் பத்து முறையேனும் எடுத்தாளப்பட்டிருப்பின் ஒருவரது மதிப்பு பத்து எனக் கொள்ளும் ஹிர்ஷ் என்பவரின் எண் 2005இல் தோன்றிற்று. அவ்வாண்டிலேயே வாரனும் மார்ஷலும் நோபெல் பரிசு பெற்றனர் என்பது ஒரு வேடிக்கை.

இக்கணக்கினால் விளையும் கேடு இரண்டு. சொல்வதற்கொன்றும் இல்லாத இளம் ஆசிரியர் பதவிக்காக எழுதுகின்றார். பணம் பெற்றுக்கொண்டு எதனையும் அச்சிடும் சஞ்சிகைகள் அவருக்காகவே காத்திருக்கின்றன. சொல்வதற்கு நிரம்ப உடையவரோ தாலுக்கா ஆஸ்பத்திரியில் எழுத நேரமின்றி நிற்கின்றார்; அவரை எழுதும்படி கேட்பாருமிலர். நாம் வேண்டுவது அரிதன்று. பதவி உயர்வுக் குழுவினர் எண்ணைப் பார்க்குமுன், விண்ணப்பிப்பவரின் சிறந்த இரண்டு கட்டுரைகளையேனும் தாமே படித்துப் பார்க்கட்டும். தாலுக்கா மருத்துவர்க்கு வாரத்தில் அரைநாளும் ஓர் எழுத்தரும் அளிக்கப்படட்டும்.

நன்னிலத்துப் பக்கத்து முதியோர் நெஞ்செரிச்சலுக்குச் சோடா உப்பும் நீர்மோரும் அருந்துவதை நம் மாணாக்கர் பலரும் வீட்டிற் கண்டிருப்பர். அவர்கள் உண்பது ஆலையில் நன்கு தீட்டிய வெள்ளரிசியா, தவிடு முற்றும் நீங்காத புழுங்கலரிசியா, அரைத்து எத்தனை திங்களாயிற்று, காலையிற் பழையது உண்டா என்றெல்லாம் வீடுவீடாகக் கேட்டெழுதிய கட்டுரை எதுவும் எம் கண்ணிற் பட்டிலது. மருத்துவம் பயிலச் செல்லும் நம் பழைய மாணாக்கருள் ஒருவர் அதனை எழுதின், எத்தனை பேர் எடுத்தாள்வர் என்று கேளாமல் நாம் படிப்போம்.