மாத்திரைச் சிமிழ் யார் கையில்?



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, திருப்பலி முடிந்தபின், மாமல்லபுரத்திற்கு வடக்கேயுள்ள மீனவர் குப்பமொன்றிலிருந்து தாய் ஒருவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். அவருடைய மகனுக்கு வயது 22. பள்ளிப் பருவத்தில் வலிப்பு நோய் கண்டு, ஒழுங்காக மாத்திரை உட்கொண்டதால் மூன்றாண்டுகள் தொல்லையின்றி இருந்தவன். பெண் பார்க்கத் தொடங்கியதும் ஒருவருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டான். ஒரு விடியற்காலை, கரையில் வலையைச் சீர்செய்கையில் விழுந்தான். அது நடுக்கடலில் நேர்ந்திருந்தால்?

"சின்னப் பிள்ளையாய் இருந்தபோது நானே வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தேன், சாமி. இப்போது கேட்டாலே எரிந்து விழுகிறான்" என்று அழுதார் அத்தாய்.

இக்கவலை பல வீடுகளில் உண்டு. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடும் மகள், ஆஸ்துமா உள்ள மகன் என்று நோய் வேறுபடலாம், சிக்கல் ஒன்றே. நம் நாட்டிலேயே இதை நுணுகி ஆராய்ந்தவர்கள் உண்டு. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம் 193 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மருத்துவமனையிலும் மறு பிரிவினருக்கு அவரவர் வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்துகளை அளித்தது. வீட்டிலிருந்தோர் ஏழைகள், நெருக்கடியான இல்லங்களில், போதிய உணவும் ஓய்வுமின்றி வாழ்ந்தவர்கள். ஆயினும் இரு பிரிவிலும் பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 1959-இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய் சிகிச்சையின் போக்கையே மாற்றியது.

ஆனால் அவ்வாய்வாளர்கள் மருந்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. முன்னறிவிப்பின்றி வீடு சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர்; சிறுநீரையும் சோதித்தனர். நோயாளர் மருந்தைத் தவறவிடுவதுண்டு என்பதை அவர்கள் முன்னரே அறிந்திருந்தனர். நம் செங்கற்பட்டை அடுத்த திருமணியின் தொழுநோய் மருத்துவமனை நமக்கு அந்நியமன்று. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையிலும், மாதத்தின் முதல் வேளை மருந்தை ஊழியர் கண்ணெதிரே விழுங்கச் செய்து, மற்றவற்றை நாள்வாரியாக அட்டையில் அடைத்துத் தந்தனர். ஆகவே, மருந்தை மறப்பதும் விடுவதும் மனித இயல்பு; அதற்கேற்ற ஏற்பாடு வேண்டும்.

ஆனால் காசநோய்க்கும் தொழுநோய்க்கும் மருந்து முடியும் நாள் உண்டு. ஆண்டுக்கணக்கில் மருந்து வேண்டிய இளைஞனை எத்தனை நாள் எண்ணிக் கண்காணிப்பது?

சில நாட்களுக்குப் பின் அம்மகனே வந்தான். "மாத்திரையைப் பார்க்கும்போதுதான் நான் நோயாளி என்று நினைவு வருகிறது, சாமி. நிறுத்தினால் மற்றவர்களைப் போல் இருக்கலாம் என்று நினைத்தேன்" என்றான். இன்னொன்றும் சொன்னான்: இரவு மாத்திரை போட்டால், மூன்று மணிக்குப் படகு தள்ள எழ முடியவில்லையாம். இதை அவன் மருத்துவரிடம் சொன்னதேயில்லை. ஒவ்வொரு முறையும் தாயே பேசியிருக்கிறார்.

இம்முறை அவன் தனியே உள்ளே சென்றான். தாய் வெளியே அமர்ந்திருந்தார். மருத்துவர் வேளையையும் அளவையும் திருத்தினார். சில காலம் கடலுக்குப் போகக் கூடாதென்றும் கண்டிப்பாகச் சொன்னார். ஒரு வேளை தவறினால் என்ன செய்வதென்று அவனே கேட்டறிந்தான். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் தொடர் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை அன்றுதான் அறிந்தான்.

இப்போது ஏழு அறைகள் கொண்ட சிமிழ் அவன் பொறுப்பில் இருக்கிறது. இரவுச் செபம் முடிந்ததும் மாத்திரை என்று அவனே வகுத்துக்கொண்டான். தாய் நாள்தோறும் கேட்பதில்லை. ஞாயிறு மாலை இருவரும் சேர்ந்து சிமிழை நிரப்புகின்றனர். அறையொன்றில் மாத்திரை மிஞ்சியிருந்தால், "ஏன் போடவில்லை?" என்று அதட்டாமல், "அன்று என்ன நடந்தது?" என்று கேட்கும்படி அவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

பெண் வீட்டாரிடம் நோயை மறைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். வலிப்பு நோய் திருமணத்திற்குத் தடை என்று திருச்சபைச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. மணமானபின் ஒளித்து ஒளித்து மாத்திரை விழுங்குபவன் ஒரு நாள் அதை விட்டேவிடுவான்.

நேர்ச்சை செய்துவிட்டோம், இனி மருந்து எதற்கு என்போரும் நம்மிடையே உளர். மருத்துவரையும் மருந்தையும் இறைவனே தந்தார் என்று கூறும் சீராக் ஞான நூலின் 38-ஆம் அதிகாரத்தை அவர்கள் ஒருமுறை வாசிக்கட்டும்.

அத்தாய் சென்ற ஞாயிறு மீண்டும் வந்தார். இரண்டு அறைகளில் மாத்திரை மிஞ்சியிருந்ததாம். "அவனே சொன்னான், சாமி" என்றார். அதுவே நல்ல தொடக்கம் என்றேன்.