கதவைத் திறக்கும் கைத்தொலைபேசி

 

வங்காலை போன்ற மன்னார்க் கரையோர ஊர்களில் கடலுக்குப் போனவர் திரும்பும் நேரம் ஒரு சீராக இருப்பதில்லை. நடுச்சாமத்தில் கதவைத் திறக்க முழங்கால் வலியோடு வயதான தாய் எழும்ப வேண்டும். இல்லையேல் திறப்பைப் பூச்சாடிக்குக் கீழே வைக்க வேண்டும். அந்த இடம் கள்வனுக்கும் தெரியும்.

இதற்குக் குறைந்த செலவில் வீட்டிலேயே ஒரு வழி செய்யலாம். சிம் அட்டை போடும் சிம்800எல் பலகை, ஒரு ஆர்டுயினோ, ஒரு ரிலே, 12 வோல்ட் மின்பூட்டு ஆகிய நான்கும் போதும். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் இவற்றை விசாரிக்கலாம்.

வேலை எளிது. அந்த சிம் இலக்கத்துக்கு அழைத்தால், எடுக்கும் முன்பே அழைப்பவரின் இலக்கம் பலகைக்கு வந்துவிடும். ஆர்டுயினோ அதன் கடைசி 9 இலக்கங்களை வீட்டார் பட்டியலோடு ஒப்பிடும். பொருந்தினால் அழைப்பைத் துண்டித்து, 5 வினாடி பூட்டை இழுக்கும். அழைப்பை எடுக்காததால் அழைத்தவருக்குக் காசும் போகாது.

கவனிக்க வேண்டியவை சில. இந்தப் பலகைக்கு ஏறத்தாழ 4 வோல்ட் தேவை. கோபுரத்தோடு பேசும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஆகவே தனி மின்வழங்கி கொடுங்கள். பூட்டின் சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டயோடைத் தலைகீழாகப் போடுங்கள். உப்புக்காற்று செம்பை அரிக்கும். பலகைக்கு வார்னிஷ் பூசி, மூடிய பெட்டியில் வீட்டின் உட்புறச் சுவரில் பொருத்துங்கள். சிம்800எல் 2ஜியில் மட்டுமே இயங்கும். சிங்கப்பூரில் 2017 ஏப்ரலிலேயே 2ஜி நிறுத்தப்பட்டது. எனவே வாங்குமுன் உங்கள் ஊரின் அலையைப் பார்த்து, தேவையானால் 4ஜி பலகை எடுங்கள்.

2022 மார்ச் இறுதியில் நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 12 வோல்ட் பற்றரி ஒன்று கட்டாயம். அதைவிடக் கட்டாயமானது, உள்ளிருந்து மின்சாரமின்றிக் கையால் திறக்கும் பிடி. வீடு தீப்பற்றினால் சிம் அட்டையைச் சரிபார்க்க நேரம் இருக்காது. அழைப்பவர் இலக்கத்தைப் போலியாகக் காட்டவும் முடியும் என்பதால், எல்லோரும் உறங்கப் போகும் இரவில் பழைய தாழ்ப்பாளையும் போடுங்கள்.

இன்னொன்று. பிறர் வீட்டினுள் அனுமதி கேட்டு, ஸலாம் கூறிய பின்பே நுழைய வேண்டும் என்பது சூரா நூரின் 27ஆம் வசனம் தரும் ஒழுக்கம். மூன்று முறை கேட்டும் அனுமதி கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். பட்டியலில் இலக்கம் இருப்பது அந்த அனுமதியாகாது. மருமகளோ மகளோ உள்ளே தனியே இருக்கலாம். ஆகையால் பூட்டு திறக்குமுன் 10 வினாடி மணி ஒலிக்கட்டும். உள்ளே இருப்பவர் ஒரு பொத்தானை அமுக்கினால் கதவு திறக்காதபடி அமையுங்கள். பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்பதையும் வீட்டுப் பெண்களைக் கேட்டே முடிவு செய்யுங்கள். ஒருவரின் தொலைபேசி தொலைந்தால் அன்றே அவருடைய இலக்கத்தை நீக்குங்கள்.