போப் 14-ம் லியோ அந்தப் பெயரை ஏன் தேர்ந்தெடுத்தார்? 1891-ல் எழுதிய கடிதத்துக்கும் ஏஐ-க்கும் என்ன தொடர்பு?

2025 மே 8-ம் தேதி வாட்டிகனின் சிஸ்டைன் ஆலயப் புகைபோக்கியில் வெள்ளைப் புகை வந்தது. சிகாகோவில் பிறந்து, பெரு நாட்டில் பல வருடங்கள் பணியாற்றிய ராபர்ட் பிரிவோஸ்ட் புதிய போப் ஆனார். முதல் அமெரிக்க போப் என்பதுதான் அன்றைய தலைப்புச் செய்தி. ஆனால் இரண்டு நாள் கழித்து கர்தினால்களிடம் அவர் சொன்ன விஷயம்தான் இன்னும் கவனிக்க வேண்டியது.

லியோ என்ற பெயருக்கு முக்கியக் காரணம் 13-ம் லியோ என்றார். முதல் தொழிற்புரட்சி காலத்தில் தொழிலாளர் பிரச்னையைப் பேசியவர் அவர். இப்போது செயற்கை நுண்ணறிவு இன்னொரு தொழிற்புரட்சியைக் கொண்டுவந்திருக்கிறது. மனித மாண்பு, நீதி, உழைப்பு மூன்றுக்கும் அது சவால் என்பது புதிய போப்பின் கணக்கு. அதற்குப் பதிலாக அவர் கையில் எடுப்பது 'கத்தோலிக்க சமூக போதனை'.

அது என்ன போதனை? யார் எழுதியது?

அந்தக் கடிதத்தில் என்னதான் இருக்கு?

நவீன காலத்தில் இதன் தொடக்கம் 1891 மே 15-ம் தேதி வெளியான 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடல். சுற்றுமடல் என்றால் போப் திருச்சபை முழுமைக்கும் எழுதும் கடிதம். எழுதும்போது 13-ம் லியோவுக்கு வயது 81.

ஐரோப்பா முழுக்க ஆலைப் புகை பரவியிருந்த நேரம். கிராமத்தை விட்டு வந்த குடும்பங்கள், குழந்தைகள் உட்பட, நேரம் காலம் இல்லாமல் உழைத்தன. சந்தையே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், அரசு தலையிடக் கூடாது என்றது ஒரு தரப்பு. தனிச்சொத்துதான் எல்லாக் கேட்டுக்கும் வேர் என்றது சோஷலிஸ்டுகள் தரப்பு. லியோ இரண்டையும் மறுத்தார். சொத்து வைத்திருப்பது மனிதனின் உரிமை. அதேபோல தொழிலாளர்கள் சங்கம் சேர்வதும் உரிமை. பலவீனமானவர்களைக் காப்பாற்ற வேண்டிய கடமை அரசுக்கு இருக்கிறது.

கடிதத்தின் உயிர்நாடி கூலி பற்றிய பகுதி. அன்றைய முதலாளிகளின் வாதம் ரொம்ப சிம்பிள். 'இவ்வளவுதான் தருவேன்னு சொன்னேன், அவனும் சரின்னான். இதில் என்ன அநியாயம்?' லியோ இதை ஏற்கவில்லை. சரி என்று சொன்னதாலேயே ஒரு கூலி நியாயமாகிவிடாது. வேறு வழியில்லாமல், இதைவிட மோசமான நிலை வந்துவிடுமோ என்ற பயத்தில் ஒருவர் தலையாட்டினால், அவர் பலவந்தத்துக்கு ஆளானவர்தான். சிக்கனமாக வாழும் ஒரு தொழிலாளி பிழைக்கத் தேவையான கூலி என்பது ஒப்பந்தத்துக்கும் மேலான நியாயம்.

இந்த வாதத்தை இன்றைய டெலிவரி ஆப் ஒன்றில் பொருத்திப் பாருங்கள். எந்த ஆர்டருக்கு எவ்வளவு என்பதை அல்காரிதம் முடிவு செய்கிறது. திரையில் ஆர்டர் வந்ததும் சில நொடிகளில் 'அக்செப்ட்' அழுத்தணும். அழுத்தினால் சம்மதம். பேரம் பேச எதிரில் ஆளே கிடையாது. ஏஐ என்றாலே வேலை போய்விடுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கையில் இருக்கும் வேலைக்குச் சொன்ன 'சரி' நிஜமாகவே சம்மதமா என்பது, 13-ம் லியோவின் கடிதத்தைப் படித்தவர்கள் கேட்க வேண்டிய கேள்வி.

இதெல்லாம் அவர் சொந்தமாக யோசித்ததா?

இல்லை. முதல் ஆதாரம் பைபிள். ஏழைகளை மிதிப்பவர்களைச் சாடிய இறைவாக்கினர் ஆமோஸ், அறுவடை செய்தவர்களின் கூலியைப் பிடித்து வைத்த பணக்காரர்களைக் கண்டித்த யாக்கோபின் கடிதம் போன்றவை. அடுத்து, 4-ம் நூற்றாண்டைச் சுற்றி வாழ்ந்த பேசில், அம்புரோஸ், கிறிசோஸ்தோம் போன்ற ஆயர்கள். உன்னிடம் உபரியாக இருப்பது ஏழைக்குச் சொந்தமானது என்பது இவர்களின் பொதுவான குரல்.

மூன்றாவது, 13-ம் நூற்றாண்டின் தாமஸ் அக்வினாஸ். சொத்து வைத்திருக்கலாம், ஆனால் உலகின் வளங்கள் எல்லோருக்கும் பொதுவானவை என்றார். உயிர் போகும் நிலையில் ஒருவர் பிறர் பொருளை எடுத்தால் அது திருட்டே ஆகாது என்றும் எழுதியிருக்கிறார். இப்போ படித்தாலும் கொஞ்சம் அதிரவைக்கும் வரிதான்.

ஆனால் நூல்கள் மட்டும் காரணம் இல்லை. தெருவும் ஒரு காரணம். அமெரிக்காவில் 'நைட்ஸ் ஆஃப் லேபர்' தொழிலாளர் அமைப்பை ரோம் தடை செய்துவிடாமல் 1887-ல் வாதாடியவர் கர்தினால் கிப்பன்ஸ். 1889-ல் லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் மணிக்கு 6 பென்ஸ் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, நடுவில் நின்று பேசியவர் கர்தினால் மேனிங். இரண்டு வருடத்தில் போப்பின் கடிதம் வந்தது.

அந்தக் கடிதத்தில் குறைகளும் உண்டு. பெண்கள் இயல்பிலேயே வீட்டு வேலைக்கு ஏற்றவர்கள் என்ற அந்தக் காலப் பார்வை அப்படியே இருக்கிறது. ஐரோப்பா ஆண்ட காலனி நாடுகளின் உழைப்பாளிகள் பற்றிப் பேச்சே இல்லை. அந்த இடைவெளியைப் பெரிய அளவில் நிரப்பியது, 1967-ல் 6-ம் பால் எழுதிய 'போப்புலோரும் ப்ரோக்ரெஸ்ஸியோ'. ஏழை நாடு, பணக்கார நாடு என்ற பிளவைப் பேசிய அந்த மடலில், தன் இந்தியப் பயணத்தையும் அவர் குறிப்பிடுகிறார். 1964-ல் மும்பை வந்தவர் அவர்.

இடதுசாரியா, வலதுசாரியா?

இங்கதான் குழப்பமே. சங்கம், நியாயக் கூலி என்ற பக்கத்தை மட்டும் படித்தால் இடதுசாரி மாதிரி தெரியும். சொத்துரிமை, குடும்பம் என்ற பக்கத்தைப் படித்தால் வலதுசாரி. 1931-ல் 11-ம் பயஸ் எழுதிய மடல், கீழ்மட்ட அமைப்பு செய்ய முடிந்ததை மேல்மட்டம் பறிக்கக் கூடாது என்றது. ஐரோப்பிய யூனியனை உருவாக்கிய 1992 மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்திலும் இதே தத்துவம் இடம்பெற்றது. 2015-ல் போப் பிரான்சிஸ் சுற்றுச்சூழலைப் பற்றி 'லவுதாத்தோ சி' எழுதினார். ஒவ்வொரு கட்சியும் தனக்குப் பிடித்த பத்தியை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் வழக்கம்.

கத்தோலிக்கர்கள் இதற்குக் கட்டுப்பட்டே ஆகணுமா என்றால், அடிப்படைக் கொள்கைகளுக்கு ஆமாம். உழைப்பவருக்கு வாழப் போதுமான கூலி வேண்டும் என்பது கொள்கை. குறைந்தபட்ச ஊதியம் எத்தனை ரூபாய், எத்தனை டாலர் என்று எந்தச் சுற்றுமடலும் சொல்லாது. அது அந்தந்த நாட்டு மக்கள் முடிவு செய்ய வேண்டியது.

சண்டை வருவதும் இந்த இடைவெளியில்தான். கத்தோலிக்கரான அமெரிக்க துணை அதிபர் ஜே.டி. வான்ஸ், 2025 ஜனவரியில் குடியேறிகள் விவகாரத்தில் ஒரு பழைய கிறிஸ்தவக் கருத்தை எடுத்தார். முதலில் குடும்பம், பிறகு அண்டை வீட்டார், பிறகு நாடு, அதற்குப் பின்தான் உலகம். அன்புக்கு இப்படி ஒரு வரிசை உண்டு என்றார். பிப்ரவரி 10-ம் தேதி அமெரிக்க ஆயர்களுக்கு பிரான்சிஸ் எழுதிய கடிதம், வழியில் அடிபட்டுக் கிடந்த முன்பின் தெரியாதவரைத் தூக்கிவிட்ட நல்ல சமாரியர் கதையைக் காட்டி அந்த வரிசையை மறுத்தது. வான்ஸ் சொன்ன 'அன்பின் வரிசை' புனித அகஸ்டினிடமிருந்து வந்த கருத்து. 14-ம் லியோ, அதே அகஸ்டினின் பெயரில் இயங்கும் சபையின் துறவி.